மாட்டுக் கொட்டகைக்கு எந்த ஷீட், யாரிடம் வாங்குவது?

கேள்வி, 9 மார்ச் 2024

அண்ணா, ஒரத்தநாடு பக்கம். ஆறு கறவை மாடு, பதினைந்து ஆடு. இப்போது இருப்பது கீற்றுக் கொட்டகை. கீற்று மாற்றி, கயிறு மாற்றி, ஆள் கூலி கொடுத்துக் கட்டுப்படி ஆகவில்லை. 40க்கு 20 அடியில் ஷீட் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். பட்டறைக்காரர் 0.35 மி.மீ. கலர் ஷீட்டே (பெயிண்ட் பூசிய இரும்புத் தகரம்) போதும் என்கிறார். மாமா ஆஸ்பெஸ்டாஸ்தான் குளிர்ச்சி என்கிறார். எதைப் போடலாம்? எந்தக் கடையில் வாங்கலாம்?

10 மார்ச் 2024

இரண்டு பேர் சொன்னதிலும் பாதி இருக்கிறது தம்பி.

0.35 ஷீட்டை நான் பைக் நிறுத்தப் போடுவேன், மாட்டுக்குப் போட மாட்டேன். புதிதில் பளபள என்று இருக்கும். ஒரு தடவை ஆள் ஏறி நடந்தால் ஷீட்டின் மேடு நசுங்கும். நசுங்கிய இடத்தில் ஸ்க்ரூவின் வாஷர் தளர்ந்து தண்ணீர் இறங்கும். அதை அடைக்க இன்னொரு ஆள் ஏறுவார். அவர் இன்னும் இரண்டு இடத்தை நசுக்கிவிட்டு இறங்குவார்.

ஆஸ்பெஸ்டாஸ் வெறும் தகரத்தைவிடத் தணிவு என்பது உண்மைதான். 6 மி.மீ. கனம், சூட்டைச் சட்டென்று கீழே விடாது. ஆனால் நாலைந்து மழைக்காலம் போனதும் பாசி பிடித்துக் கறுத்துவிடும், அப்புறம் அதுவும் வெயிலைக் குடிக்க ஆரம்பிக்கும். அதில் இருக்கும் நார் நுரையீரலுக்குக் கேடு. புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லி ரொம்ப நாளாகிறது. 60க்கும் மேற்பட்ட நாடுகளில் தடை. இங்கே தடை இல்லை என்பதால் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. அசையாமல் கூரையில் இருக்கும்போது பெரிய தொல்லை இல்லை, அறுக்கும்போதும் துளை போடும்போதும் உடையும்போதும்தான் தூசி. நம் ஊரில் அது உடையாமல் இருக்குமா என்பதை அப்புறம் எழுதுகிறேன்.

கடை எது என்பது கடைசிக் கேள்வி. அதற்கு முன் நீங்கள் சொல்ல வேண்டியவை: கொட்டகைக்கு மேல் தென்னை இருக்கிறதா? கடல் எவ்வளவு தூரம்? எவ்வளவு உயரம் போடப்போகிறீர்கள்?

10 மார்ச், இரவு

உயரத்தை ஏன் கேட்டேன் என்று உள்பெட்டியில் ஒருவர் கேட்டிருக்கிறார். சித்திரை மதியத்தில் தகர ஷீட்டின் மேல்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். கையை வைக்க முடியாது. அந்தச் சூடு கதிராக மாட்டின் முதுகில் இறங்குகிறது. ஷீட் ஏழடி உயரத்தில் இருந்தால் மாடு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். அதே ஷீட் ஓரத்தில் 10 அடி, முகட்டில் 12 அடி என்றால் காற்று உள்ளே புகுந்து வெளியே போகும். வெயிலும் வேகாது, கோமிய நாற்றமும் தங்காது.

ஆக, ஷீட்டை மாற்றிக் குளிர்ச்சி தேடுவதற்கு முன் கொட்டகையைத் தாங்கும் கால் பைப்பை நீளமாக வாங்குங்கள். நீள வாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும்.

17 மார்ச் 2024

தம்பி பதில் போட்டுவிட்டார்: தென்னை இருக்கிறது, கொட்டகையின் தென்பக்கம் வரிசையாக ஐந்து மரம். கடல் தூரம்தான்.

சரி, இப்போது கஜா புயல் கதை. நான் பேராவூரணிப் பக்கம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறிய புயல் எங்கள் தோப்புகளை என்ன செய்தது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். அப்போது எங்கள் வீட்டில் கூரை மூன்று தினுசாக இருந்தது. தாத்தா காலத்து ஓட்டுத் தொழுவம், அப்பா போட்ட ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, தேங்காய் உரிக்கும் இடத்தில் ஒரு கீற்றுப் பந்தல்.

பந்தல் முதல் அரை மணி நேரத்தில் போனது. யாரும் அதற்காக அழவில்லை. ஓட்டுத் தொழுவத்தில் காற்று வந்த பக்கத்து இரண்டு வரிசை ஓடு பறந்தது, மீதி நின்றது. ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையைக் காற்று எதுவும் செய்யவில்லை. அதன் மேல் ஒரு தென்னை சாய்ந்தது, அவ்வளவுதான். சாய்ந்த இடம் மட்டும் உடைந்திருந்தால் பரவாயில்லை. அதிர்ச்சியில் அந்த வரிசை முழுக்க விரிசல். காலையில் பார்த்தபோது தீவனத் தொட்டியில் சாம்பல் நிறத் துண்டுகள் கிடந்தன. மாடுகளை முந்தின சாயங்காலமே அவிழ்த்துவிட்டிருந்ததால் தப்பித்தன.

எதிர்வீட்டில் கலர் ஷீட். ஒரு ஷீட்கூடக் கழன்று போகவில்லை, ஒரு ஸ்க்ரூகூடப் பிடுங்கிக்கொள்ளவில்லை. கூரை மொத்தமாக, கைமரம் பைப்போடு, கால்களையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய் இரண்டு வயல் தள்ளி வைத்துவிட்டது. கால்களின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த கான்கிரீட் ஒரு மண்சட்டி அளவுதான்.

அதற்குப் பிறகு யார் எந்த ஷீட் என்று கேட்டாலும் நான் குழி எவ்வளவு ஆழம் என்று கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

18 மார்ச் 2024

நேற்று எழுதியதற்குக் கணக்கு கேட்டிருக்கிறார்கள். தம்பியின் கொட்டகையையே எடுத்துக்கொள்வோம்.

தரை 40க்கு 20, அதாவது 800 சதுர அடி. சாரல் அடிக்காமல் இருக்க இரண்டு பக்கமும் மூன்றடி தாழ்வாரம், முன்னும் பின்னும் இரண்டிரண்டடி நீட்டல். 10 அடிக்கு 2 அடி வாட்டம். ஒரு பக்கத்துக்கு 14 அடி ஷீட் வேண்டும், 44 அடி நீளத்துக்கு. கூரை 1232 சதுர அடி, கிட்டத்தட்ட 114 சதுர மீட்டர். அரை மி.மீ. ஷீட்டில் மொத்தக் கூரையின் எடை சுமார் 550 கிலோ. பைப்பையும் சேர்த்தாலும் ஒரு டன்னைச் சுற்றித்தான் இருக்கும்.

மணிக்கு 120 கி.மீ. காற்று என்றால் நொடிக்கு 33 மீட்டர். அந்த வேகத்தில் காற்றழுத்தம் சதுர மீட்டருக்கு 68 கிலோ பக்கம் வரும். நாலு பக்கமும் திறந்த கொட்டகையில் காற்று கீழிருந்தும் தள்ளும், மேலிருந்தும் உறிஞ்சும். மோசமான கட்டத்தில் மொத்தம் 7 டன்னுக்கு மேல் தூக்கப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டன் கூரையை!

மீதியைப் பிடித்து நிறுத்துவது மண்ணுக்குள் இருக்கும் கான்கிரீட்தான். இரண்டடிக்கு இரண்டடி, மூன்றடி ஆழக் குழியை நிரப்பினால் ஒரு காலுக்கு 800 கிலோ. பத்துக் கால் போட்டால் 8 டன். கணக்கு நேராகிவிட்டது பாருங்கள். ஒன்றரையடிக் குழியில் நாலு சட்டி கலவை போட்டுவிட்டு ஷீட்டுக்கு மட்டும் பெரிய கம்பெனி பெயர் கேட்பதில் அர்த்தம் இல்லை.

எல்லா ஊருக்கும் இந்தக் கணக்கு ஒன்றல்ல. கட்டடத்துக்கான இந்தியத் தரக் குறிப்பில் காற்று வேகம் கோவைக்கு நொடிக்கு 39 மீட்டர், திருச்சிக்கு 47, சென்னைக்கு 50. விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். கோவையில் நிற்கிற கொட்டகையை அப்படியே சென்னைக் கடற்கரையில் வைத்தால் ஒன்றரை மடங்குக்கும் மேல் இழுவை. கொங்குப் பக்கத்து வீடியோவைப் பார்த்து அதே பைப் சைஸ் கேட்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

18 மார்ச், சற்று நேரம் கழித்து

வர்க்கம் என்று எழுதியதும் இரண்டு பேர் பள்ளிக்கூட ஞாபகம் வந்துவிட்டது என்று ஓடிவிட்டார்கள். இனி கணக்கு இல்லை.

24 மார்ச் 2024

நாமக்கல் நண்பர் ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். முட்டைக் கோழிப் பண்ணை வைத்திருப்பவர். ஆஸ்பெஸ்டாஸ் வேண்டாம் என்று உங்கள் ஊரில் உட்கார்ந்துகொண்டு சொல்லாதீர்கள், எங்கள் பண்ணைகளில் அதுதான் ஓடுகிறது, மேலே தெளிப்பான் போட்டால் கோழி செத்துப் போகாது என்கிறார்.

அவர் பக்கத்து நியாயம் புரிகிறது. அவர் பண்ணை தென்னையும் புயலும் இல்லாத இடம். கோழிக்கு 35 டிகிரிக்கு மேல் போனாலே மூச்சு வாங்கும், அவருக்கு வெயில்தான் எதிரி. நான் ஆஸ்பெஸ்டாஸை ஒதுக்குவது முதலில் தூசிக்காக, இரண்டாவது தேங்காய்க்காக. இரண்டாவது காரணம் அவருக்கு இல்லை.

தெளிப்பான் பற்றி அவர் சொன்ன ஒரு விஷயத்தை எல்லோரும் எழுதி வைத்துக்கொள்ளலாம். உப்புத் தண்ணீர் போர்வெல் என்றால் கூரையில் வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் தாங்கும். இரும்பு ஷீட்டில் ஸ்க்ரூவைச் சுற்றித் துரு பிடிக்கும்.

கோழிக்காரர்களுக்கு இன்னொன்று. கோழி எருவிலிருந்து வரும் அம்மோனியா ஷீட்டின் அடிப்பக்கத்தைத் தின்னும். பெயிண்ட் மேலே 20 மைக்ரான் என்றால் அடியில் பல ஷீட்டில் அதில் பாதிகூட இருக்காது. அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசிய ஷீட்டுக்கு, அதாவது 55 சதவீதம் அலுமினியம் இருக்கும் அந்த வகைக்கு, உத்தரவாதச் சீட்டைக் கடைசி வரி வரை படியுங்கள். கால்நடை அடைக்கும் கட்டடத்துக்குப் பொருந்தாது என்று பொடி எழுத்தில் பல கம்பெனிகள் போட்டிருக்கும். கடற்கரைக்கு அருகில் என்றாலும் அப்படித்தான். மாட்டுக் கொட்டகை திறந்த வெளி என்பதால் நமக்கு அவ்வளவு பயம் இல்லை. சாணியும் கோமியமும் தேங்காமல் கழுவிவிட்டால் சரி.

யுபிவிசி என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் ஷீட் துருவே பிடிக்காது, அம்மோனியாவுக்கும் அசராது. கடலோரத்தில் இருப்பவர்கள் யோசிக்கலாம். வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். அதனால் துளையை ஸ்க்ரூவைவிடக் கொஞ்சம் பெரிதாகப் போட வேண்டும். இதைத் தெரிந்த ஆள் மாட்டினால் நிற்கும். தெரியாத ஆள் மாட்டினால் ஸ்க்ரூவைச் சுற்றி விரிசல் ஓடும்.

2 ஏப்ரல் 2024

ஓடு பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்டவருக்கு. பேசலாம், ஆசைதான். மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் 1865இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதிலிருந்து மேற்குக் கடற்கரையும் தமிழ்நாடும் அந்த ஓட்டுக்குக் கீழேதான் வாழ்ந்தன. எங்கள் தொழுவத்தில் மத்தியானம் போய் நின்றால் இன்றைக்கும் தெரியும், ஷீட்டுக்கும் அதற்கும் வித்தியாசம்.

ஆனால் சதுர மீட்டருக்கு 40 கிலோவுக்கு மேல். தம்பியின் 114 சதுர மீட்டருக்கு ஓடு மட்டுமே கிட்டத்தட்ட 5 டன். அதைத் தாங்கும் மரத்துக்கும் ரீப்பருக்கும் யார் பணம் கொடுப்பது? வாட்டமும் 30 டிகிரி வேண்டும், அப்போது கூரைப் பரப்பு இன்னும் கூடும். ஓடு மாற்றத் தெரிந்த ஆள் எங்கள் ஊரில் ஒரே பெரியவர்தான், அவருக்கும் இப்போது முழங்கால் வலி. குரங்கு வேறு. ஓட்டை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்த இடத்தில் வைக்கும் குரங்கை நான் இன்னும் பார்க்கவில்லை.

பழைய வீடு இடிக்கும் இடத்தில் நல்ல ஓடு கிடைத்து, தேக்கோ பனஞ்சட்டமோ கையில் இருந்தால் போடுங்கள். புதிதாக வாங்கிப் போடுவது மாட்டுக்குக் கட்டாது.

2 ஏப்ரல், பின்னிணைப்பு

பனை ஓலையை மறந்துவிட்டீர்களே என்கிறார் ராமநாதபுரத்துக்காரர். மறக்கவில்லை ஐயா. கீற்றைவிட நீண்ட நாள் வரும், நன்றாகவும் இருக்கும். எங்கள் பக்கம் ஓலைக்கு ஆள் இல்லை. உங்கள் பக்கம் இருந்தால் கொடுத்து வைத்தவர். அடுப்பு, கொசுவுக்கு மூட்டும் புகை, மின்கம்பி மூன்றையும் மட்டும் கூரையிலிருந்து தள்ளி வையுங்கள். 2004 கும்பகோணம் பள்ளித் தீ விபத்துக்கு அப்புறம் பள்ளிக்கூடத்தில் கீற்றுக் கூரையை எடுக்கச் சொன்னார்கள். மாட்டுக்கு அப்படி யாரும் உத்தரவு போடவில்லை. அறுத்துவிட ஆள் வருவதற்குள் கயிற்றோடு நிற்கும் மாடு எங்கே ஓடும்?

14 ஏப்ரல் 2024

புத்தாண்டும் அதுவுமாகக் கடைக் கேள்விக்கு வருகிறேன்.

விலையை நான் எழுதப்போவதில்லை. இரும்பு விலை அடிக்கடி மாறும், இந்தப் பக்கத்தை ஆறு மாதம் கழித்துப் படிக்கிறவர் கடைக்காரரோடு சண்டை போடுவார். எப்படி வாங்குவது என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் கனம். கடைக்காரர் அரை மி.மீ. என்பார். அது பூச்சோடு சேர்த்தா, வெறும் இரும்பா என்று கேளுங்கள். பூச்சோடு 0.50 என்றால் உள்ளே இரும்பு 0.45 இருக்கும், அது நியாயம். ஆனால் 0.50 என்று சொல்லி மொத்தமே 0.42 கொடுப்பதும் நடக்கிறது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஸ்க்ரூ கேஜ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் எடை போடுங்கள். நாலடி அகலச் சுருளிலிருந்து வரும் 10 அடி ஷீட், அரை மி.மீ. என்றால் 14 கிலோ பக்கம் நிற்கும். 0.35 என்றால் 10 கிலோவைத் தாண்டாது. நான் கொப்பரை நிறுக்கும் தராசில் இரண்டு ஷீட்டைச் சுருட்டாமல் குறுக்கே வைத்து நிறுத்தேன். லாரிக்காரர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். எடை சரியாகத்தான் இருந்தது, அவருக்குத்தான் கோபம்.

அடுத்து அகலம். பில்லில் மூன்றரை அடி என்று போடுவார்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி மாட்டினால் மூடுவது ஒரு மீட்டர்தான். தம்பியின் கூரைக்கு ஒரு பக்கம் 14, இரண்டு பக்கமும் 28 ஷீட். ஒவ்வொன்றும் 14 அடி. பில் 1372 சதுர அடிக்கு வரும். கூரை 1232. தரை 800. மூன்று எண்ணும் உண்மை. பட்டறைக்காரர் சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்லும்போது இந்த மூன்றில் எந்தச் சதுர அடி என்று கேட்காமல் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். முகட்டு ஷீட், ஸ்க்ரூ, கான்கிரீட், வண்டி வாடகை, 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் அதற்குள்ளா வெளியிலா என்பதையும் தாளில் எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது, ஷீட்டின் அடிப்பக்கத்து அச்சு. பெரிய கம்பெனி ஷீட்டில் பெயர், கனம், பூச்சு அளவு வரிசையாக அச்சடித்திருக்கும். ஏஇசட் 150 என்றிருந்தால் சதுர மீட்டருக்கு இரு பக்கமும் சேர்த்து 150 கிராம் அலுமினியம் துத்தநாகப் பூச்சு. ஏஇசட் 70 பாதிக்கும் குறைவு. நிறம் இரண்டிலும் ஒரே பச்சைதான், வித்தியாசம் ஏழெட்டு வருஷம் கழித்துத் தெரியும்.

எங்கே வாங்குவது: பக்கத்து டவுன் ஹார்டுவேர் கடையில் 8, 10, 12 அடி தயாராக அடுக்கியிருக்கும். நமக்கு 14 அடி ஒரே துண்டாக வேண்டும், நடுவில் ஒட்டு போட்டால் அங்கேதான் ஒழுகும். திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் சுருளை உருட்டி நாம் கேட்கும் நீளத்துக்கு வெட்டிக் கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. நாலைந்து பேர் சேர்ந்து ஒரே வண்டியில் ஏற்றினால் வாடகையும் பங்காகிவிடும். நான் பக்கத்துத் தோப்புக்காரரோடு சேர்ந்து அப்படித்தான் எடுத்தேன். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்று ஒரு கடையில் சொன்னார்கள். பில் இல்லாவிட்டால் உத்தரவாதச் சீட்டு வெறும் காகிதம்.

20 ஏப்ரல் 2024

எந்தக் கடை என்று பெயர் சொல்லுங்கள் என்று இன்னும் கேட்கிறார்கள். சொல்ல மாட்டேன். நான் வாங்கியபோது நன்றாக இருந்தது. நாளைக்கு உங்களுக்கு மோசமாக வந்தால் என் வீட்டு வாசலில் நிற்பீர்கள்.

11 மே 2024

தம்பி வேலை ஆரம்பித்துவிட்டார். குழி படம் அனுப்பியிருக்கிறார், மூன்றடி. மகிழ்ச்சி.

ஷீட் மாட்டும் நாளில் கூடவே நிற்க வேண்டிய இடங்கள் சில உண்டு தம்பி. டீ வாங்கி வரச் சொல்லி உங்களை அனுப்புவார்கள், போகாதீர்கள்.

ஸ்க்ரூ மேட்டில் இறங்க வேண்டும், பள்ளத்தில் வேண்டாம். பள்ளத்தில் போடுவது சுலபம், சின்ன ஸ்க்ரூ போதும் என்பதால் அதைத்தான் விரும்புவார்கள். மழைத் தண்ணீர் ஓடுவதும் பள்ளத்தில்தான். வாஷர் கறுப்பு ரப்பராக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் வாஷர் இரண்டு கோடையில் நொறுங்கும். இறுக்கும்போது ரப்பர் இரும்பு வட்டத்தின் விளிம்புக்கு வந்து லேசாக எட்டிப் பார்க்கும், அங்கே நிறுத்த வேண்டும். அதையும் தாண்டி டிரில்லை அழுத்தினால் ரப்பர் பிதுங்கி ஒரு பக்கம் கிழியும். ஷீட்டின் மேடும் நசுங்கும். ஓரத்திலும் முகட்டிலும் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்க்ரூ, நடுவில் ஒன்று விட்டு ஒன்று. காற்று முதலில் ஓரத்தைத்தான் பிடித்துத் தூக்கும்.

துளை போடும்போது விழும் இரும்புத் தூளை அன்றைக்கே துணியால் தள்ளிவிடுங்கள். பனியில் இரண்டு இரவு நனைந்தால் ஒவ்வொரு தூளும் ஒரு டீக்கறைப் புள்ளியாகும். ஷீட்டே துருப்பிடித்துவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவீர்கள். ஷீட்டை நீளம் குறைக்க வேண்டி வந்தால் கட்டிங் மெஷினில் பொறி பறக்க வெட்டவிடாதீர்கள். அந்தச் சூட்டில் விளிம்பின் பூச்சு கருகிவிடும். தகரக் கத்தரி போதும்.

26 மே 2024

தேங்காய். ஒரு முழுப் பதிவுக்கு வேண்டிய விஷயத்தை எல்லோரும் சிரித்துக்கொண்டே கேட்கிறீர்கள்.

முற்றிய தேங்காய் மட்டையோடு ஒன்றரைக் கிலோ இருக்கும். நாற்பதடியிலிருந்து விழுந்தால் ஆஸ்பெஸ்டாஸ் துளை, ஓடு சில்லு, கலர் ஷீட் பள்ளம். பள்ளத்தோடு வாழலாம். ஆனால் அதில் தண்ணீர் தேங்கி இலை மக்கினால் அங்கேதான் பூச்சு முதலில் போகும், வருஷத்துக்கு ஒரு தடவை கூட்டிவிட வேண்டும். பர்லினை, அதாவது ஷீட்டைத் தாங்கும் குறுக்குப் பைப்பை, 4 அடிக்கு ஒன்றாகப் போடாமல் 3 அடிக்கு ஒன்றாகப் போட்டால் பள்ளம் சின்னதாகும்.

தென்பக்கத்து ஐந்து மரத்தையும் தம்பி வெட்டப்போகிறாராம். கஜாவில் போகாமல் நின்ற மரத்தை ஷீட்டுக்காக வெட்டுவதா? கொட்டகையை 15 அடி வடக்கே தள்ளிப் போடச் சொன்னேன். குழி தோண்டியாயிற்று என்கிறார். அப்படியானால் காயை முற்றவிடாமல் இளநீராகவே பறித்துவிற்கலாம், மாட்டுக்கும் பயம் இல்லை, கையிலும் காசு.

9 ஜூன் 2024

கொட்டகை முடிந்தது, சூடு போகவில்லை என்று புகார். அக்கினி நட்சத்திரம் முடிந்தும் இந்தக் கதி.

ஷீட் மேல் கீற்று போடலாமா என்கிறார். நிறையப் பேர் போடுகிறார்கள். நான் வேண்டாம் என்பேன். மழையில் நனைந்த கீற்று வாரக்கணக்கில் ஈரமாக ஷீட்டை ஒட்டிக் கிடக்கும், அடியில் பூச்சு உரியும். எலி குடியேறும், எலிக்குப் பின்னால் சாரை வரும். ஆடு கட்டும் இடத்துக்கு மேலே சாரை ஓடினால் ஆடு பால் கறக்கவிடாது, நாமும் உள்ளே போகமாட்டோம்.

அதே கீற்றை ஷீட்டுக்கு அடியில் கட்டுங்கள். பர்லினிலிருந்து ஒரு முழம் இறக்கி, மூங்கில் வரிச்சில் முடைந்த கீற்றைத் தட்டியாகத் தொங்கவிட்டால் நடுவில் காற்று ஓடும். ஷீட்டின் கதிர்ச் சூடு கீற்றோடு நின்றுவிடும். மழையில் நனையாது என்பதால் கூரைக் கீற்றைவிட நீண்ட நாள் வரும். குளிர்காலத்தில் ஷீட்டின் அடியில் பனி வியர்த்துச் சொட்டுவதும் மாட்டின் மேல் விழாது. எங்கள் கொட்டகையில் இப்படித்தான். கன்றுக்குட்டி இருக்கும் பக்கம் மட்டும் கட்டினேன், மத்தியானம் பெரிய மாடெல்லாம் கயிற்றை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கமே வந்து நிற்பதைப் பார்த்து மீதிக்கும் கட்டினேன்.

வெள்ளைப் பூச்சும் பலன் தரும், சுண்ணாம்பு ஒரு மழையோடு போய்விடும். ஷீட் வாங்கும்போதே வெள்ளை அல்லது வெளிர் நிறம் எடுத்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை. அடர் பச்சை தோப்புக்குப் பொருத்தமாக இருக்கும் என்று தம்பியின் வீட்டில் ஆசைப்பட்டார்களாம். வீட்டில் சொன்னால் சரிதான், அதை நான் எதிர்க்கவில்லை.

30 ஜூன் 2024

கூரையில் சோலார் போடலாமா என்று கேட்பவருக்கு: பேனல் தாங்கி எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 12 முதல் 15 கிலோ வரும். எடை தாங்கும். காற்றுதான் பிரச்சினை, பேனல் காற்றைப் பிடித்து இழுக்கும். ஸ்க்ரூவை ஷீட்டில் மட்டும் பிடிக்காமல் பர்லினில் பிடிக்க வேண்டும். புதிதாகப் போடுகிறவர்கள் இதை முன்பே பட்டறையில் சொல்லிவிட்டால் பர்லினைக் கனமாகப் போட்டுத் தருவார்கள். போட்டு முடித்த கொட்டகையில் ஏற்ற வேண்டாம்.

2 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் போய்விட்டது. இங்கே அதற்கு முந்தின நாட்களில் அடித்த மழைதான். தம்பியின் கொட்டகையில் ஸ்க்ரூவில் ஒரு சொட்டு இல்லை. முகட்டில் மட்டும் ஒரு இடம் ஒழுகியதாம். முகட்டு ஷீட்டின் ஒட்டு, காற்று வரும் பக்கத்தைப் பார்த்துத் திறந்திருக்கிறது. ஏற்றிப் போட்ட இரண்டு முகட்டு ஷீட்டையும் கழற்றி, மேலே இருப்பதைக் கீழே மாற்றிப் போட்டால் தீர்ந்தது. சிலிக்கான் பசை வைத்துத் தருகிறேன் என்று பட்டறைக்காரர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அடுத்த ஐப்பசியில் மறுபடி வருவார்.

15 டிசம்பர் 2024

பழைய ஆஸ்பெஸ்டாஸ் உடைசலை வண்டிப்பாதைச் சேற்றில் கொட்டி மேடாக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கஜாவுக்குப் பிறகு எங்கள் ஊரில் பல பாதைகளில் அப்படித்தான் கொட்டினார்கள். கூடாது. டிராக்டர் சக்கரம் ஏற ஏற அரைபட்டுத் தூசியாகும், கோடையில் அதைத்தான் எல்லோரும் மூச்சில் இழுக்கிறோம்.

முழு ஷீட்டாக இருந்தால் தண்ணீர் அடித்து நனைத்து, ஷீட்டைப் பிடித்திருக்கும் வளைந்த ஜே போல்ட்டை அறுத்து, உடைக்காமல் இறக்கி எருக்குழி ஓரத்தில் நிழலில் சாய்த்து வையுங்கள், அறுக்காமல் மறைப்புக்கு ஆகும். ஏறுகிற ஆள் ஷீட்டில் கால் வைக்காமல் போல்ட் வரிசை மேல் பலகை போட்டு நடக்கட்டும், ஷீட் முறிந்து கீழே விழுந்தவர்கள் உண்டு. உடைசலை நனைத்தபடியே பழைய தார்ப்பாயில் கட்டி, கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி, ஏர் ஓடாத இடத்தில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். முகத்துக்கு வெறும் துண்டு கட்டினால் போதாது, மருந்துக்கடையில் நல்ல முகமூடி கேட்டு வாங்குங்கள்.